நாழிக்கிணறும் ஆலந்தலை ஊற்றும்

திருச்செந்தூருக்கு வரும் அன்பர்கள் முதலில் கடலாடி, பின்னர் நாழிக்கிணற்று நீரில் நீராடி, அதன் பின்னரே செந்திலாண்டவன் சந்நிதியை அடைவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். படிகளில் இறங்கிச் சென்றால் பெரிய கிணறு ஒன்றும், அதனுள்ளே ஓரடிச் சதுர அளவே உள்ள சிறு கிணறு ஒன்றும் காணலாம். சுற்றிலும் உவர்நீர், கூப்பிடு தூரத்தில் அலைகடல், அவற்றின் நடுவே அச்சிறு கிணற்றில் மட்டும் நன்னீர் ஊறுகின்றது. அதைக் கண்டு வியவாதார் இலர்.

நாழி என்பது முகத்தல் அளவை. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. படி என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே. அடியேன் பண்டித வகுப்பில் பயின்ற காலத்தில் எங்கள் ஆசான் இத்தலத்துக்கு எங்களை அழைத்து வந்தார். "இத்தனை பெரிய புகழுடைய தீர்த்தத்துக்கு எதற்காக இத்தனை சிறிய அளவையின் பெயர்?" என்று வினவினார். "கிணறு சிறியது, ஆதலால்" என்று ஒருவன் விடை கூறினான். "அதுவும் சரி. வேறு காரணம் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்" என்று கூறி ஆசான் மேலே நடந்து விட்டார். அவ்வினாவுக்கு விடை காண அடியேனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் நூலில் கண்டதன்று. சொந்தப் பிழையால் கண்டது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

சூரபன்மனோடு பொருத படைவீரர்களின் நீர்வேட்கை தணிய முருகப்பெருமான் வேலை ஊன்றி இந்நீரை வெளிப்படுத்தினார் என்பது தலவரலாறு. கடற்கரை மணலில் நன்னீர் எவ்வாறு நிற்கிறது என்று நீரியல் அறிஞர் கூறும் விளக்கம் இவ்வரலாற்றுக்கு இடையூறு செய்வதன்று. வேல் சுட்டிய இடத்தில் நீர் நின்ற வகையை அது விளக்குகிறது, அவ்வளவே.

மழைநீர் மணலில் விழுந்தவுடன் கீழிறங்குகிறது. இறங்கிய நீர் எங்கே செல்லும்? கடலையடுத்த நிலத்தின் அடியில் கடல்நீர் முன்னமே ஊடுருவி நிற்கின்றது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே அது நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை மிகுந்தது. எடை குறைந்த நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கும். குடத்தில் ஊற்றிக் குலுக்கினால் இரண்டும் கலந்துவிடும். மணற்பரல்களுக்கு இடையிலோ நீர் மிக மெல்ல ஊர்வதால் எளிதில் கலப்பதில்லை. இந்த உண்மையை ஹாலந்து நாட்டுப் பொறியாளர் பாடோன் கைபன் 1888-89-இலும், அதையறியாமலே ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் கணக்கிட்டுக் கூறினர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கத்தையும் அன்பர்கள் கருத வேண்டும். மேல்மட்டத்தில் ஓரடி நீரை இறைத்துக் குறைத்து, அக்குறை நிரம்பாமலே நீடித்தால், அடியிலிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலேறி வரும். நாம் எடுத்தது ஒன்று, இழந்தது நாற்பது.

இந்தக் கணக்கை ஹாலந்தாரும் ஜெர்மனியாரும் அறியுமுன்பே அறிந்தவர்கள் நம் கரையில் இருந்தார்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்தால் ஆலந்தலை வரும். கொற்கை முத்தால் உலகறிந்த முத்துக்குளித்துறைக் கரையின் பரதவர் ஊர்களுள் ஒன்று அது. ஊரார் பெரும்பாலும் கத்தோலிக்கக் கிறித்தவர். அடியேன் ஆசிரியப் பணியேற்ற புதிதில், 1970-களின் இடையில், அவ்வூரின் ஓரத்தில் ஒரு தோட்டவீட்டில் குடியேறினேன். விடியற்காலையில் பெண்டிர் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றுவதைக் காண்பேன். ஒரு சிரட்டை நீர் எடுத்து, மீண்டும் ஊறும்வரை காத்திருந்து, மறு சிரட்டை எடுப்பர். குடம் நிறைய நெடுநேரம் ஆகும். இளமைத் துடிப்பில் ஒருநாள், "இன்னும் இரண்டு முழம் ஆழமாகத் தோண்டினால் விரைவில் நிறையுமே" என்று ஒரு மூதாட்டியிடம் கூறினேன். அவர் நிமிர்ந்தும் பாராமல் விடை கூறினார்: "ஆழமாத் தோண்டாதிய வாத்தியாரய்யா. தோண்டுனா கடலு வந்துரும்."

எழுத்தறியாத அம்மூதாட்டியின் அச்சொல்லில் நீரியல் நூல் ஒன்றின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது. அன்று அதை நகைத்துக்கொண்டே கேட்டேன்.

இத்தகைய நீர்நிலைகள் நம் செந்தூருக்கு மட்டும் உரியவை அல்ல. தெற்கே மணப்பாட்டில், புனித சவேரியார் தங்கியிருந்ததாகப் போற்றப்படும் கடலோரக் குகையினுள்ளும் நன்னீர்க் கிணறு உண்டு. அங்கும் மக்கள் அந்நீரைப் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு என்று ஒன்று உண்டு. வானரப் படையின் தாகம் தீர இராமபிரான் அம்பை ஊன்றி உண்டாக்கியது என்பது அங்கு வழங்கும் கதை. வேலுக்குப் பதில் அம்பு. மற்றவை எல்லாம் நம் கதையே. அக்கிணற்றின் மேல்நீர் இனிக்கும், ஆழத்து நீர் உவர்க்கும். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புப் பாறையில் மிதக்கும் மழைநீரையே நம்பி வாழ்கின்றனர்.

கடலைவிட்டு உள்ளே சென்றாலும் இதே செய்தி. திருச்செந்தூர் வட்டத்தில் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணற்பரப்பு உள்ளது. பனையும் முந்திரியும் அன்றி வேறொன்றும் எளிதில் விளையாத நிலம். கோடையில் வெறுங்காலோடு நடக்க இயலாது. அதன் நடுவே, மேலப்புதுக்குடியில், அருஞ்சுனை காத்த அய்யனார் எழுந்தருளியிருக்கிறார். பெயரை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். அரிய சுனையைக் காத்தவர் என்பதே தெய்வத்தின் திருப்பெயர். தேரி மணல் மழையை ஓடவிடாமல் உறிஞ்சித் தன் வயிற்றில் வைத்து, தாழ்ந்த இடத்தில் சுனையாகக் கசியவிடுகிறது. வெறும் மணற்காடு என்று நாம் ஏளனமாகப் பேசும் தேரி, உண்மையில் கூரையில்லாத ஒரு நீர்த்தொட்டி. அதைத் தோண்டி லாரியில் ஏற்றுபவர், தொட்டியையே பெயர்த்துச் செல்கிறார். கடற்கரை மணல்மேடுகளும் அவ்வாறே. நெய்தல் நிலத்துக்குரியதாகச் சங்கப் புலவர் பாடிய அடும்பங்கொடியும், ராவணன் மீசைப் புல்லும் அம்மேடுகளைக் காற்றில் கரையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை அழித்துத் தரை சமன் செய்தபின், நன்னீர் நிற்க இடம் ஏது?

இனி ஆற்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மணலில் இறங்கும் மழை மட்டும் நம் பகுதிக்குப் போதாது. இம்மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரி 65 சென்டிமீட்டரை ஒட்டியதே. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியே இக்குறையை நிறைவு செய்தது. ஆற்றின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வரும் தென்கால் நீர் கடம்பாகுளம் முதலிய குளங்களை நிறைத்து, திருச்செந்தூரை அடுத்த எல்லப்பநாயக்கன் குளம், ஆவுடையார்குளம் வரை வருகிறது. இக்குளங்கள் வயலுக்கு மட்டும் நீர் தருவன அல்ல. குளத்தில் நிற்கும் நீர் நிலத்தடியில் கடலை நோக்கி மெல்ல நகர்ந்து, உவர்நீரை அப்பால் தள்ளி நிறுத்துகிறது. குளம் வறண்டால் அத்தள்ளல் நின்றுவிடும். கடல் நிலத்தடி வழியே உள்ளே நகரும். அமலைச்செடி மூடிக் கிடக்கும் குளத்தைக் காண்போர் வயற்காரர்க்கே இழப்பு என்று எண்ணுகின்றனர். கடலோரத்துக் கிணற்றுக்காரர்க்கும் அது இழப்பே. நீர்நிலை அமைப்பதே அரசன் நிலைத்த புகழ் பெறும் வழி என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய பாட்டு, புறநானூற்றில் 18-ஆவதாக உள்ளது. அறிவுரை கேட்டவன் இந்நிலத்து மன்னன் என்பதை நினைவிற் கொள்க.

ஆற்றுமணலும் அவ்வாறே நீரைக் காப்பது. நம் ஊர்களின் குடிநீர்த் திட்டங்கள் பலவும் தாமிரபரணிப் படுகையில் அமைத்த உறைகிணறுகளையே நம்பியுள்ளன. மணல் இருந்தால்தான் அக்கிணற்றில் நீர் வடிந்து தெளியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவாழ்வினர் திரு. இரா. நல்லகண்ணு அவர்கள் தாமே முன்னின்று வாதாடியதன் பேரில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-ஆம் ஆண்டு தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. அத்தடைக்கு முன்னர்ப் போன மணல் திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகுமோ!

மணல் நீரை வடிகட்டும் என்பது உண்மை. ஆயினும் எல்லாவற்றையும் வடிகட்டும் என்று எண்ணுவது அறியாமை. கலங்கலையும் சருகையும் அது தடுக்கும். நீரில் கரைந்த சோப்பையும், உப்பையும், மலக்குழியிலிருந்து கசியும் நைட்ரேட்டையும் தடுக்காது. நகரங்களின் கழிவுநீர் தாமிரபரணியில் கலப்பது யாவரும் அறிந்த துயரம். நாம் செய்வதையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் நீராடியவர்கள் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுகின்றனர். அத்துணிகள் படித்துறைக் கற்களில் சிக்கி அழுகுகின்றன. பின்னர்த் தொண்டர்கள் இறங்கிக் குவியல் குவியலாக அள்ளுகின்றனர். இங்கே செந்தூர்க் கடலிலும் அவ்வழக்கம் தொற்றிக் கொண்டது. நைலான் சேலையை ஆற்றில் எறியுமாறு எந்த ஆகமமும் சொன்னதாக அடியேன் கற்றதில்லை. தீர்த்தம் நம் அழுக்கைப் போக்கும் என்று நம்புவோர், தம் அழுக்கைத் தீர்த்தத்தின் மேல் ஏற்றுவது எவ்வகை நம்பிக்கை என்று தெரியவில்லை.

நீர் இல்லாமையே துன்பம் என்று இருந்தோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் அதன் மறுபக்கத்தையும் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஓராண்டின் மழையைவிட மிகுதியான மழை ஒரு பகலும் ஓர் இரவுமாகக் கொட்டியது. குளங்கள் உடைந்தன. முருகனைத் தரிசித்துச் சென்னைக்குத் திரும்பிய அடியார்கள் பலர் சென்ற செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. இவ்விதழைப் படிப்போருள் அவ்வண்டியில் இருந்தவரும் இருக்கக் கூடும். ஆற்றோரத்து நீரேற்று நிலையங்கள் மூழ்கியதால், நாற்புறமும் வெள்ளம் நிற்கக் குடிக்க நீரின்றி மக்கள் தவித்தனர். நீர் வடிந்து புன்னைக்காயல் வழியே கடலுக்குப் போயிற்று. போன நீர் போனதுதான்.

அம்மழையைக் கூரைக்கணக்கில் எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓராண்டுச் சராசரி மழையாக ஏறத்தாழ 60,000 லிட்டர் விழுகிறது. சிந்தியதும் ஆவியானதும் போக 45,000 லிட்டர் தேறினாலும், ஒரு சிறு குடும்பத்தின் குடிநீருக்கும் சமையலுக்கும் அது ஓராண்டுக்கு மேலும் போதும். கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று தமிழக அரசு 2003-இல் சட்டம் செய்தது. அப்போது வீடுதோறும் குழாய் பதித்தார்கள். அவற்றுள் பல இன்று தூர்ந்து, குழாயின் வாயில் குருவி கூடு கட்டியிருக்கிறது. குருவிக்கு நன்மை.

இனி அடியேனின் பிழைக்கு வருகிறேன். ஆலந்தலைத் தோட்டவீட்டில் திறந்த கிணறு ஒன்று இருந்தது. ஏழு உறை ஆழம். இளநீர் போன்ற நீர். துவரம்பருப்பு ஒரு கொதியில் மலர்ந்து வேகும் என்று இல்லாள் பெருமையாகச் சொல்வாள். 1989-இல், தென்னைக்கு நீர் போதவில்லை என்று கருதி, கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி ஆழ்துளைக் கிணறு ஒன்று இறக்கினேன். தோண்ட வந்தவர், "கடலோரம் ஐயா, மேலோடு நிறுத்திக்கொள்வோமா?" என்று ஒருமுறை கேட்டார். தொண்ணூறு அடி வரை போகச் சொன்னேன். மூதாட்டியின் சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று கூறினால் பொய்யாகும். நினைவுக்கு வந்தது, தள்ளி விட்டேன். மின்மோட்டார் விசையைத் தட்டியவுடன் வாய்க்காலில் நீர் பாய்ந்தது. முதல் மூன்று ஆண்டுகள் தென்னை நன்றாகக் காய்த்தது.

நான்காம் ஆண்டு சித்திரையில் நீரில் ஒரு மாற்றம். காப்பி சற்றே திரிந்தது. பின்னர்ச் சோப்பு நுரைக்கவில்லை. அதன்பின் பருப்பு வேகவில்லை. எத்தனை நேரம் கொதித்தாலும் கல்போல் நின்றது. தென்னங்கீற்றின் நுனி கருகியது. நூறு குடம் நன்னீரில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தால் லிட்டருக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் உப்பு ஏறிவிடும். இந்தியத் தர நிறுவனம் குடிநீருக்கு விரும்பத்தக்கதாகக் கூறும் எல்லை அரைக் கிராம். வேறு நீர் கிடையாதவிடத்து இரண்டு கிராம் வரை பொறுக்கலாம் என்பர். ஐந்து குடம் கெடுத்ததை மீட்க எத்தனை மழை வேண்டும்! துளைக்கிணற்றோடு திறந்த கிணறும் உவர்த்தது. அண்டை வீட்டுக் கிணறும் உவர்த்தது. அதுதான் இன்றும் உறுத்துவது. அவர்கள் துளை இறக்கவில்லை, இறக்கியவன் அடியேன். நிலத்தின் மேல் வேலி இட்டிருந்தோம். நிலத்தின் கீழ் வேலி இல்லை. அவ்வீட்டுப் பெண்டிர் ஒரு சொல்லும் சொல்லாமல், குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தனர்.

அப்போதுதான் ஆசானின் வினாவுக்கு விடை புலப்பட்டது. கிணறு சிறியதாய் இருப்பதால் நாழிக்கிணறு என்பது ஒரு பாதி. நாழியளவே எடுக்க வேண்டும் என்பது மறுபாதி. இது சொல்லாராய்ச்சியாளர் ஒப்பும் பொருளோ என்னவோ, அடியேன் இழந்து பெற்ற பொருள். ஓரடிச் சதுர வாயில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் முகக்க முடியும்? எடுப்பது ஊறுவதை மிஞ்சாதபடி வாயையே சிறிதாக்கி வைத்தனர் நம் முன்னோர். ஆலந்தலை மூதாட்டியின் சிரட்டையும் அந்த அளவையே. ஒரு சிரட்டை, காத்திருத்தல், மறு சிரட்டை.

1996-இல் துளைக்கிணற்று மோட்டாரைக் கழற்றினேன். துளையின் வாயைச் சிமெண்டால் அடைத்தேன். வீட்டுக் கூரையின் நீர் முழுவதும், மணலும் சரளையும் இட்ட குழி வழியாகத் திறந்த கிணற்றுக்கு இறங்குமாறு செய்தேன். ஐப்பசி பிறக்குமுன் கூரையைப் பெருக்குவதும், முதல் மழையை வெளியே விட்டுவிட்டு இரண்டாம் மழை முதல் குழிக்குத் திருப்புவதும் ஆண்டுதோறும் நடக்கும் நோன்பு ஆயிற்று. தென்னைக்கு இடையே பனைவிதை ஊன்றினேன். பனை கேட்கும் நீர் குறைவு. அண்டை வீட்டாரும் தம் கூரைநீரைத் தம் கிணற்றுக்குத் திருப்பினர். இதற்கும் அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாழிக்கிணற்றில் நீராட வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சோப்பையும் எண்ணெயையும் படியிறங்குமுன்னே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாளி நீர் போதும்; பின்னே நிற்பவரும் அடியார். கட்டியிருந்த துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்து உடுத்துங்கள். ஊர் திரும்பியதும் தூர்ந்துபோன உங்கள் மழைநீர்க் குழாயை ஒருமுறை பாருங்கள்.

எங்கள் கிணறு முழுதும் மீளவில்லை. முப்பதாண்டு ஆகப்போகிறது. கார்த்திகை மழைக்குப் பின் மேலே இரண்டு உறை அளவு நீர் இனிக்கிறது. மாசி வரை அதில் பருப்பு வேகிறது. பங்குனி பிறந்தால் மீண்டும் உவர்ப்பு. அதற்குள் எடுக்க வேண்டியதைச் சிறு வாளியால் காலையில் நான்கும் மாலையில் நான்குமாக எடுத்துக் கொள்கிறோம்.